பென்சிலில் எழுதிய ஐந்து பதில்கள்

அப்பா அன்றைக்குச் சொன்னதை இன்றும் என்னால் வார்த்தை மாறாமல் சொல்ல முடியும். "நீ சொல்லிக்குடுத்தும் உங்கக்கா பாஸ் ஆவலன்னா, நீ படிக்கிற இங்கிலீசு என்னத்துக்கு ஆவும்? பேசாம உன்னயும் ஊர்ப் பள்ளிக்கூடத்துலயே சேத்துடுறேன்." இதைச் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வெங்காயம் சேமித்து வைக்கும் பட்டறைக்குக் கீற்று வேயப் போய்விட்டார். நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். எனக்கு அப்போது பத்து வயது. ஒரு ஆளைப் பத்தாம் வகுப்பில் பாஸ் செய்ய வைக்கும் பொறுப்பை அந்த வயதில் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

குரும்பலூரிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். அங்கிருந்து பெரம்பலூருக்கு வேனில் போய் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள் எங்கள் தெருவிலேயே நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு நிறைய உண்டு. சாயங்காலம் வேன் இறக்கிவிட்டாலும் டையைக் கழற்ற மாட்டேன். கழுத்து அரிக்க அரிக்க அதோடுதான் கடைக்கும் போவேன், மாட்டுக்குத் தண்ணீரும் காட்டுவேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டால் டை கிடையாது, வேன் கிடையாது. அதைவிட, நான் இத்தனை நாள் அலட்டியதற்கெல்லாம் தெருப் பிள்ளைகள் வட்டியோடு திருப்பிக் கொடுப்பார்கள்.

அக்காவுக்குப் பதினேழு வயது. மார்ச்சில் பத்தாம் வகுப்பு எழுதி, ஆங்கிலத்தில் மட்டும் நாலு மதிப்பெண்ணில் போய்விட்டது. அக்டோபரில் மறுபடி எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். யாருக்கும் அவசரம் இல்லை. மாமா ஒரு சம்பந்தம் கொண்டுவந்த பிறகுதான் அவசரம் வந்தது. மாப்பிள்ளை அரியலூர்ப் பக்கம், சிமெண்ட் ஆலை ஆபீசில் வேலை. ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலில் வைத்துப் பெண்ணைப் பார்த்தார்கள். சாமி கும்பிட வந்ததுபோல இரண்டு வீட்டாரும் நின்றுகொண்டு, அக்காவை மட்டும் பிராகாரம் இரண்டு சுற்றுச் சுற்றிவரச் சொன்னார்கள். நடையைப் பார்க்கிறார்களாம். எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கிடைத்தது. மாப்பிள்ளைக்குக் காதோரம் கொஞ்சம் நரைத்திருந்தது என்பதைத் தவிர அவர் முகம் எனக்கு ஞாபகமில்லை.

அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு குறை. மூத்த மருமகள் பன்னிரண்டாவது பாஸாம். இளைய மருமகள் பத்துகூடப் பாஸ் இல்லையென்றால் நாளைக்கு ஒருத்தி ஒருத்தியை மதிக்க மாட்டாளென்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டார். அக்டோபரில் பாஸ் என்றால் தையில் கல்யாணம். இல்லையென்றால் அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள்.

வினாத்தாளில் கோடிட்ட இடத்தில் சரியான வினாச்சொல்லை எழுதச் சொல்லி ஐந்து கேள்வி வரும். ஹூ, ஹூம், ஹூஸ், விச், வாட். கேள்விக்கு ஒரு மதிப்பெண். போனது நாலு, இதில் இருப்பது ஐந்து. இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்ததே நான்தான். என் வாய்க்கொழுப்புக்கு அப்பா என்னையே டீச்சராக்கிவிட்டார்.

பட்டறைக்குப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்து வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருப்பாள். நான் எதிரே ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு, கையில் ஸ்கேலோடு உட்கார்ந்திருப்பேன். கோடிட்ட இடத்தை எங்கள் பள்ளியில் 'டாஷ்' என்றுதான் படிப்போம். "டாஷ் டிட் யூ மீட் இன் த மார்க்கெட்?" என்று நான் கேட்டால் அவள் டாஷுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலில் தமிழில் கேட்டுப்பார் என்பது நான் கண்டுபிடித்த வழி. யார் என்று வந்தால் ஹூ, யாரை என்று வந்தால் ஹூம், யாருடைய என்று வந்தால் ஹூஸ். இதை ஏதோ நானே இங்கிலீஷைப் பெற்றெடுத்த மாதிரி விளக்குவேன். அக்கா தலையைக் குனிந்தபடியே, "சரிங்க டீச்சர்" என்பாள். கேலி செய்கிறாள் என்று தெரிந்தாலும் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

சொன்னதை எழுதியும் காட்ட வேண்டும். அப்பாவின் பழைய மைப்பேனாதான் அவளுக்கு. அது கழுத்தில் கசியும். நாலு வரி எழுதினால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கணு வரைக்கும் நீலமாகிவிடும். அந்தக் கையோடு மாவு பிசையாதே என்று அம்மா கத்துவாள். நீட்டாக எழுதினால்தான் மதிப்பெண் போடுவார்கள், மையை அப்பிக்கொண்டு எழுதினால் பேப்பர் திருத்துகிறவருக்குக் கோபம் வரும் என்று நான் என் பங்குக்கு மிரட்டுவேன்.

பதினைந்து நாளில் அக்கா ஐந்துக்கு ஐந்து சொன்னாள். எனக்கு நிம்மதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தபோது, பெருமை பிடிபடாமல், அவளை எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்டேன். முதல் கேள்விக்கு 'வாட்' என்றாள். இரண்டாவதுக்கும் 'வாட்'. ஐந்துக்கும் அதே. மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு, டீச்சரம்மா பாடு திண்டாட்டம்தான் என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுது தீர்த்தேன்.

மறுநாள் காலை எனக்குத் தலை பின்னிவிடும்போது அக்கா அதே ஐந்தையும் மடமடவென்று சரியாகச் சொன்னாள். எனக்கு எரிச்சலாக வந்தது. நேற்று உனக்கு என்ன வந்தது என்று கேட்டேன். மாமாவைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்றாள். கணக்கு சாரைப் பார்த்தால் எனக்கும் ஏழாம் வாய்ப்பாடு மறந்துபோகும். அதனால் நம்பிவிட்டேன்.

ஆங்கிலத்துக்கு இரண்டு தாள். முதல் தாளுக்கு அம்மா கூடப் போனாள். வினாச்சொல் வருகிற இரண்டாம் தாளுக்கு, காலாண்டு விடுமுறை என்பதால் நானே போகிறேன் என்று அடம்பிடித்தேன். துணைக்கு வந்த மாமா பஸ்ஸில் முன்னால் நின்றுகொண்டார். நாங்கள் இருவரும் பின்னால் ஒரே சீட்டில். நான் கடைசி நேரத்துக்கு யாரை, யாருடைய என்று ஒப்பித்துக்கொண்டே வந்தேன். அக்கா கேட்டதாகவே தெரியவில்லை. பாதி வழியில் திடீரென்று திரும்பி, "ஏண்டி, நான் பெயிலாயிட்டா அப்பா நெசமாவே உன்ன அந்த ஸ்கூல்லேருந்து நிறுத்திடுவாரா?" என்றாள்.

"ஆமா. நிறுத்திடுவேன்னு சொன்னாரு. நீ ஒழுங்கா எழுது" என்றேன். அவள் என் டையை எடுத்து, சுருங்கியிருந்ததை மடியில் வைத்து நீவிவிட்டாள். லீவு நாளிலும் அதைக் கட்டிக்கொண்டுதான் போயிருந்தேன்.

மாமா டீக்கடைக்குப் போய்விட்டார். தேர்வு மையத்துக்கு வெளியே, மற்ற பிள்ளைகளின் வீட்டாரோடு புங்க மரத்தடியில் நான் உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹூமும் ஹூவும் அவளுக்குக் குழம்பிவிடக் கூடாதென்று தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். வெளியே வந்ததும் அக்கா நேராக வந்து வினாத்தாளை என் கையில் கொடுத்தாள். ஐந்து கோட்டின் மீதும், மற்ற பகுதிகளில் அங்கங்கேயும், பென்சிலில் பதில் எழுதியிருந்தது. பதிவெண்ணைத் தவிர வினாத்தாளில் எதுவும் எழுதக் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டுப் பார்த்தேன். ஐந்தும் சரி. என் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து ஐந்துக்கு ஐந்து போட்டு, கீழே டீச்சர் போலக் கையெழுத்தும் போட்டேன். வீடு வந்து சேரும் முன்பே அக்கா பாஸ் என்று தெருவுக்கே தண்டோரா போட்டுவிட்டேன்.

முடிவு வந்த அன்று அப்பா பெரம்பலூர் போய்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தார். அக்காவின் எண் அதில் இல்லை. பிறகு வந்த மதிப்பெண் சீட்டில், போன முறை முப்பத்தொன்று இருந்த இடத்தில் பதினேழு இருந்தது. மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். அப்பா, நான் பத்திரப்படுத்தி வைத்திருந்த வினாத்தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். குரும்பலூரில் அவருக்குத் தெரிந்த ஒரு இங்கிலீஷ் வாத்தியார் இருந்தார்.

அப்பா திரும்பி வரும் வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் சொல்லிக்கொடுத்தது முழுக்கத் தப்பு என்று வாத்தியார் சொல்லப்போகிறார் என்றே முடிவு கட்டிவிட்டேன். டையைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தேன். டை இல்லாவிட்டால் பள்ளியை மாற்ற முடியாது என்று எதனால் நினைத்தேனோ. அக்கா வாசலைப் பார்த்தபடி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பெயிலானவள் அவள். வேர்த்துக் கொட்டியது எங்கள் இரண்டு பேருக்கும்.

அப்பா வந்து சைக்கிளை நிறுத்தினார். ஐந்தும் சரியாம், மற்ற பகுதியில் பென்சிலில் எழுதியதும் சரியாம். இவ்வளவு எழுதின பிள்ளைக்குப் பதினேழு வராது, பேப்பர் கட்டுத்தான் மாறிப்போயிருக்கும் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். அப்பா என் தலையில் கை வைத்து, "உம்மேல தப்பில்ல பாப்பா. நீ சரியாத்தான் சொல்லிக்குடுத்துருக்க. நாளைக்கு வேனுக்குக் கெளம்பு" என்றார். அக்கா எழுந்து உள்ளே போனாள். அவள் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. பாவம், தோற்றுப்போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுகூட்டலுக்குப் போட்டுப் பார்க்கும்வரை பொறுங்கள் என்று மாமா அரியலூருக்கு நடையாய் நடந்தார். அவர்கள் பொறுக்கவில்லை. தையில் மாப்பிள்ளைக்கு ஜெயங்கொண்டத்தில் கல்யாணம் நடந்தது, வேறு பெண்ணோடு. அக்கா அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கழித்து, சம்பந்தம் எதுவும் வந்து நிற்காத சமயமாகப் பார்த்து, தானே பணம் கட்டிப் பரீட்சை எழுதினாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுபத்தொன்று. இப்போது கிராமத்துச் செவிலியராக இருக்கிறாள். அவள் பார்த்துச் சம்மதம் சொன்னவரைத்தான் கட்டிக்கொண்டாள்.

ஒரு மாதம் முழுக்கத் தினமும் அவள் எதிரே உட்கார்ந்து, யார், யாரை, எது, என்ன என்று கேட்டவள் நான். அந்த மாப்பிள்ளையை உனக்குப் பிடித்திருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாருமே கேட்கவில்லை.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். பரீட்சை முடிந்து திரும்பி வரும்போது, பஸ்ஸில் நான் அக்காவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டரை மணி நேரம் அந்தக் கசிகிற பேனாவோடு பரீட்சை எழுதிய கை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நகக்கண் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். துளி நீலம் இல்லை. பென்சில் கரி மட்டும் லேசாக ஒட்டியிருந்தது. நான் தினமும் தொண்டை கிழியக் கத்தியதற்குப் பலன் கிடைத்துவிட்டதே என்று எனக்கு ஒரே பூரிப்பு.

"பாத்தியா, ஒரு சொட்டு மைகூடப் படாம எழுதியிருக்க. இப்பிடித்தான் நீட்டா எழுதணும்" என்று பாராட்டினேன்.

அக்கா என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சரிங்க டீச்சர்" என்றாள்.