சிக்கனுக்கு மூன்றாவது அர்த்தம்

சந்தையின் கடைசி வரிசையில் கோழிக்கடை வைத்திருந்த அந்த மனிதருக்குத் தன்னைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம். காலையில் கத்தி தீட்டுவதையே போருக்குப் புறப்படுவது போல நாலு பேர் பார்க்கச் செய்வார். கூண்டுக்குள் கைவிட்டு, இரண்டு இறக்கையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கி, கழுத்தை அறுத்துப் போட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார். இரண்டு கிலோ எதிரியை வென்ற மீசை அது.

ஒரே மகனுக்கு ரத்தம் ஆகாது. கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் குடியிருந்த அவன், பகலெல்லாம் அப்பாவின் கடையில் கல்லாவில் உட்காருவான். வெட்டுகிற பக்கம் திரும்பவே மாட்டான்.

ஒருநாள் கறி வாங்க வந்த கல்லூரி ஆசிரியை ஒருவர், ஆங்கிலத்தில் சிக்கன் என்றால் கோழி, கோழிக்கறி, அதோடு பயந்தாங்கொள்ளி என்றும் அர்த்தம் உண்டு என்று பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார். யார் கையில் எதைக் கொடுக்கிறோம் என்று பாவம் அவருக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதே பாடம்தான்.

"கூண்டுல இருந்தா பறவை, தராசுல இருந்தா கறி, கல்லாவுல இருந்தா என் மகன். மூணும் சிக்கன்தான்."

சிரித்தவர்களுக்கு ஓர் ஈரல் துண்டு கூடுதலாக விழும். மகன் தலை நிமிர மாட்டான்.

நம் மொழியில் கோழியைத் தூக்கத்துக்குச் சொல்வோம், கிறுக்கலுக்குச் சொல்வோம். பயத்துக்குச் சொன்னதில்லை. ஆங்கிலேயர் ஒரு தடவையாவது தாய்க்கோழியிடமிருந்து குஞ்சைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் இந்த அநியாயம் நடந்திருக்காது.

அந்தச் சமயத்தில்தான் கடைக்காரர் மனைவியின் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கட்டி என்றால் தானே பழுத்து உடையும், டாக்டர் எல்லாம் படித்த கசாப்புக்காரன் என்று சொல்லிக் களிம்பு வாங்கிக் கொடுத்தார் புருஷன். விஷயம் தெரிந்ததும் மகன் விடாமல் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். பரிசோதனை முடிவு வந்த அன்று, கணவரும் வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடை வண்டியிலேயே மூவரும் போனார்கள்.

"நீங்க உள்ள போங்க. வண்டிய ஓரமா விட்டுட்டு வரேன்" என்றார் அவர்.

கதவு திறக்கும்போதெல்லாம் அவள் திரும்பிப் பார்த்தாள். வேறு யார் யாரோ வந்தார்கள். மார்பை எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் பரவிவிடும் என்று டாக்டர் சொன்னபோது அவள் கையைப் பிடித்துக்கொள்ள மகன்தான் இருந்தான். போன் செய்தால், பின்னணியில் கோழிகள் கத்த, கடையில் கூட்டம் நெரிகிறது என்று பதில் வந்தது. ஆயிரக்கணக்கில் கழுத்தை அறுத்த கைக்கு ஒரு பெண்ணின் கையைப் பிடிக்கத் தெம்பில்லை.

"அப்பா வர மாட்டாருப்பா" என்றாள் அம்மா. "நீ பொறந்தப்பகூட ஆஸ்பத்திரி வாசலத் தாண்டல. வெளியில சொன்னா அசிங்கம்னு நான்தான் மறைச்சேன்."

அறுவை சிகிச்சை முடிந்து மகன் வீட்டுக்கு வந்தாள். விலாவிலிருந்து தொங்கிய குழாயில் வடியும் ரத்தநீரை மகன்தான் எடுத்துக் கொட்டினான். முதல் தடவை வெளியே ஓடி வாந்தி எடுத்தான். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து மிச்சத்தையும் கொட்டினான்.

அந்த வாரக் கடைசியில் அவர் வந்தார். கையில் ஒரு பை ஈரல். வாசற்படியிலேயே நின்றுகொண்டு கேட்டார்:

"ரத்தம் நின்னுடுச்சா?"

"உள்ள வந்து பாருங்க" என்றான் மகன்.

அவர் கண் கட்டிலுக்கும் அதன் பக்கத்தில் தொங்கிய குழாய்க்கும் போனது. முகம் வெளுத்தது. கடையில் ஆள் இல்லை என்று முணுமுணுத்து, பையை மகன் கையில் திணித்தார்.

"கதவ சாத்துப்பா, காத்து வருது" என்றாள் அவள்.

அவள் பிழைத்துக்கொண்டாள். அந்த மனிதரிடம் திரும்பிப் போகவில்லை. தான் கொடுத்த தைரியத்தில்தான் பெண்டாட்டி தேறினாள் என்று அவர் சந்தையில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். கேட்பதற்கும் ஆள் இருக்கிறது.