கடைசி ரோபோ வெடித்த சாயங்காலம்

கணவர் இறந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. பெங்களூர் அல்சூர் வீட்டில் நான் மட்டும்தான். மகன் கனடாவில். ஒருநாள் அவனுடைய அலமாரியைத் துடைக்கும்போது, சின்ன வயதில் அவன் ஆடிய வீடியோ கேம் பெட்டி கைக்குக் கிடைத்தது. வேலை செய்கிறதா பார்ப்போமே என்று டிவியில் மாட்டினேன்.

திரையின் அடியில் ஒரு நீல ரோபோ நின்றது. ஊர், கடல், மேகம் எல்லாம் மேலிருந்து கீழே நகர, அது மேலே பறந்துகொண்டே இருக்க வேண்டும். எதிரே வரும் இயந்திரங்களைச் சுட வேண்டும். முதல் நாள் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

அதிலிருந்து தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்துவிடுவேன். குண்டுகள் எந்த வரிசையில் வரும் என்று பழைய டைரியில் படம் போட்டு வைத்தேன். அடிபட்டால் ரோபோவின் வலது கை கழன்று விழும். ஒற்றைக் கையோடு பறக்கும். கை போன பிறகுதான் நான் நன்றாக ஆடினேன், ஏனென்று தெரியவில்லை. சர்ச்சில் பழக்கமான ஒருத்தி, "மத்தியானத்துல போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்கறீங்களே, என்ன பண்றீங்க?" என்று கேட்டாள்.

"தூங்கிடறேன்" என்றேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், திரையை அடைத்துக்கொண்டு நின்ற எதிரிகளின் கடைசி ரோபோ துண்டுதுண்டாக வெடித்தது. எழுந்து நின்று கை தட்டினேன். அந்தச் சத்தம் வீட்டுக்குள் ரொம்பப் பெரிதாகக் கேட்டது. நிறுத்திவிட்டேன்.

மகனைக் கூப்பிட்டேன். அங்கே காலை, ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"என்ன மம்மி, உடம்பு சரியில்லையா?"

"இல்லடா. உன் ரோபோ கேம்ல கடைசி ஆளை அடிச்சுட்டேன்."

"நெஜமாவா? நான் நாலாவது ஸ்டேஜே தாண்டினதில்ல மம்மி! வீடியோல வா, ஆடிக் காட்டு."

போனை டிவிக்கு எதிரே சாய்த்து வைத்துவிட்டு ஆரம்பித்தேன். கண் அடிக்கடி போன் பக்கமே போனது. இரண்டாவது ஸ்டேஜிலேயே செத்துப்போனேன். அவன் வாய்விட்டுச் சிரித்தான். அப்பா போனதிலிருந்து அவன் சிரித்து நான் கேட்டதில்லை.

"லெஃப்ட்லயே நின்னுட்ட மம்மி. இன்னொரு வாட்டி ஆடு" என்றவன், "ஐயோ, பஸ் போயிடும்" என்று வைத்துவிட்டான்.

இப்போது சனிக்கிழமைகளில் அவனே கூப்பிடுகிறான். பத்து நிமிடம் நான் ஆடுவேன், அவன் பார்ப்பான். சில வாரம் மறந்துவிடுகிறான். மற்ற நாட்களில் தனியாக ஆட எனக்கு முன்போல மனம் வருவதில்லை.