பேனா மூடி

மலாயாவில் அலோர் ஸ்டாரில் வியாபாரிகளுக்காக வாதாடும் பெரிய வக்கீல் அவர். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கொல்லையில் நிற்கும்போதும் கறுப்புக் கோட்டைக் கழற்றமாட்டார். வழக்கு ஜெயிக்கும் என்று தெரிந்தால்தான் பேனா மூடியைத் திறப்பார்.

எங்கள் கோலா கெத்தில் ரப்பர்த் தோட்டத்திலிருந்து என் கணவரைச் சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப் போனதும், அவரை விடச் சொல்லி ஒரு மனு எழுதித் தரக் கேட்டு இந்த வக்கீலிடம் போனேன்.

"ஸ்டோர்ல இருந்த ரப்பரையும் இவரையும் ஒரே லாரியிலதான் ஏத்துனாங்க ஐயா. கண்ணால பார்த்தேன்."

"காகிதம் ஏதாச்சும் குடுத்தாங்களா?"

"புடிச்சிக்கிட்டுப் போறவன் காகிதமா குடுப்பான்?"

"காகிதம் இல்லாம கேஸ் நிக்காதும்மா."

மூடியைத் தொடக்கூட இல்லை.

சண்டை முடிந்தது. என் கணவர் திரும்பவில்லை. ஒருநாள் அந்தக் கறுப்புக் கோட்டு எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றது. பறிபோன ரப்பருக்காகத் தோட்டத்துக் கம்பெனி வழக்குப் போடுகிறதாம். இப்போது காகிதம் வேண்டாமாம், பார்த்த சாட்சி போதுமாம்.

"அந்த லாரியில எத்தனை கட்டு ரப்பர் ஏத்துனாங்கம்மா?" என்றார். பேனா திறந்திருந்தது.

"கட்டு மேல என் வீட்டுக்காரரு உக்காந்திருந்தாரு. மொதல்ல அத எழுதுங்க."

"அது இந்தக் கேஸுக்கு வேண்டாம்மா."

எத்தனை கட்டு என்று எனக்குத் தெரியும். இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.