எட்டுக் கட்டம்

உபகாரமேரி டீச்சருக்கு வாந்தி வராத ஒரே இடம் வகுப்பறை. விடிவதற்குள் நைனார்பாளையத்தில் கிளம்பி, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, கல்வராயன் மலையின் வளைவு ஒவ்வொன்றிலும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி ஆறு வருஷமாக மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தார். கரியாலூரைத் தாண்டி இருக்கும் அந்தப் பள்ளியின் பெயர் நமக்கு வேண்டாம். அங்கே தமிழுக்கு அவர் ஒருவர்தான் என்பது போதும். தன் வீட்டு வாசலை அவர் வெயிலில் பார்த்தது சனி, ஞாயிறில் மட்டும்.

அந்தப் பஸ்ஸில்தான் குறுக்கெழுத்து பிறந்தது. அணி இலக்கணம் என்று பலகையில் எழுதினாலே ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் ஜன்னல் வழியாக மலையைப் பார்க்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைதான், ஆனாலும் இலக்கணத்துக்கு அது தேவலை. மனப்பாடம் செய்யச் சொன்னால் செய்வார்கள். பரீட்சையில் உவமைக்கு உருவகத்தின் விளக்கத்தை எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போவார்கள். ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பத்திரிகையை மடியில் வைத்துக் கட்டம் நிரப்புவதை டீச்சர் கவனித்தார். கள்ளக்குறிச்சியில் இறங்கவேண்டியவர், ஒரு சொல் கிடைக்கவில்லை என்று இறங்காமலே உட்கார்ந்திருந்தார். இலக்கணத்துக்காக இப்படி யாராவது ஸ்டாப்பைத் தவறவிட்டதுண்டா என்று டீச்சருக்குப் பொறாமையே வந்துவிட்டது.

மறுநாள் முதல் அவரே கட்டம் போட ஆரம்பித்தார். "கணக்குப் பாடம் கடுக்காய் மாதிரி" என்றால் மூன்று கட்டம், உவமை. அந்த "மாதிரி"யைப் பிடுங்கிவிட்டு "கணக்குப் பாடக் கடுக்காய்" என்றால் ஐந்து கட்டம், உருவகம். "கள்ளக்குறிச்சி வெயிலுக்குப் பயந்துதான் மேகம் எங்கள் மலையில் வந்து படுத்திருக்கிறது" என்றால் ஒன்பது கட்டம், தற்குறிப்பேற்றம். பிள்ளைகள் விரல் விட்டு எழுத்தை எண்ணினார்கள். எண்ணுகிற சாக்கில் இலக்கணம் உள்ளே போய்விட்டது. மருந்தை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுப்பது பாவமில்லை என்று டீச்சர் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

தலைமையாசிரியர் இளஞ்செழியன் கெட்டவர் இல்லை, தாமதமானவர். பிரார்த்தனை மணி ஒன்பதே காலுக்கு அடிக்கும். சின்னசேலத்திலிருந்து அவருடைய கார் பதினொரு மணிக்கு வந்து சேரும். வழியில் பனி, வழியில் மாடு, வழியில் பஞ்சர். அவர் சொன்ன மாடுகளையெல்லாம் கூட்டினால் மலையில் புல்லே மிஞ்சியிருக்காது.

அவர் எப்போது வந்தால் நமக்கென்ன என்று டீச்சரும் விட்டிருப்பார். ஆனால் ஜூன் மாதம் அவருக்கு மாறுதல் உத்தரவு வந்தது. சொந்த ஊர்ப் பள்ளி, நடந்தே போகலாம். பாக்கி இருந்தது ஒன்றுதான்: தலைமையாசிரியர் பணிவிடுவிப்பில் கையெழுத்துப் போட வேண்டும். பதிலுக்கு ஆள் வரட்டும் என்றார் அவர். ஜூலையிலும் அதையே சொன்னார். ஆகஸ்டில், பார்க்கலாம் என்றார். மாறுதல் கைநழுவிவிடுமோ என்று டீச்சருக்குப் பயம் பிடித்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை பத்தே முக்கால் வரை அவர் அறை வாசலில் பணிவிடுவிப்புத் தாளோடு நின்றபோது டீச்சருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஆத்திரத்தைக் காட்ட வேறு இடமில்லாமல் கையிலிருந்த குறுக்கெழுத்தில் கடைசிக் குறிப்பை எழுதினார்: "எங்கள் தலைமையாசிரியர் தினமும் மணியடிக்கும் முன்பே பள்ளியில் இருப்பார். இது என்ன அணி? மேலிருந்து கீழ், எட்டுக் கட்டம்."

விடை உயர்வு நவிற்சி. இல்லாததை ஊதிப் பெரிதாக்கிச் சொல்வது. வேறு எந்தப் பள்ளியில் கேட்டாலும் அது வெறும் செய்தி. இந்தப் பள்ளியில் மட்டும்தான் அது அணி.

தாளை அச்சடித்துத் தருபவர் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜான் பாஷா. காசு வாங்கமாட்டார், அதற்குப் பதில் தாளின் அடியில் தன் கடை விளம்பரத்தைப் போட்டுக்கொள்வார். அந்த வாரம் விளம்பரம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. இடம் போதாமல், அந்த எட்டில் முதல் கட்டத்தில் குறுக்கே ஓடிய "உருவகம்" என்ற சொல்லின் குறிப்பைத் தூக்கிவிட்டு, அதன் மற்ற கட்டங்களைக் கறுப்படித்துவிட்டார். மிஞ்சியது கடைசிக் கட்டத்தில் குறுக்கே போன "சிலேடை" மட்டும்.

இதன் விபரீதத்தை முதலில் கண்டுபிடித்தவள் செந்தமிழ்ச்செல்வி. ஒன்பதாம் வகுப்பில் விடை தெரிந்த பிறகும் சும்மா இருக்கமாட்டாதவள் அவள்தான்.

"டீச்சர், உயர்வு நவிற்சியும் எட்டு, இயல்பு நவிற்சியும் எட்டுங்க. ரெண்டும் சி-லதான் முடியுது. எது போட்டாலும் சரியா குந்திக்குது" என்றாள்.

டீச்சர் எண்ணிப் பார்த்தார். உண்மைதான். ஊதிச் சொல்வதற்கும் எட்டு, உள்ளதை உள்ளபடி சொல்வதற்கும் எட்டு. இரண்டில் எது என்று காட்டிக் கொடுக்கிற "உ" ஜான் பாஷாவின் விளம்பரத்துக்கு அடியில் செத்துக் கிடந்தது.

அதற்குள் தாள் தலைமையாசிரியர் கைக்குப் போய்விட்டது. தன்னைப் பற்றி அச்சில் வந்ததில் மனிதர் பூரித்துப் போனார். கணக்கு வாத்தியார் அவர். அணி என்றால் அவருக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வருகிற ஏதோ ஒன்று. அந்தப் பக்கங்களில் எட்டெழுத்தாக முதலில் கிடைத்த "இயல்பு நவிற்சி"யைப் பேனாவால் கொட்டையாக எழுதி, தாளை அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். வெள்ளிக்கிழமை மதியம் இலக்கிய மன்றத்தில் விடையை டீச்சர் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றும் உத்தரவு.

இயல்பு நவிற்சி என்று சொல்லிவிட்டால் கையெழுத்து நிச்சயம். வியாழனன்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் டீச்சர் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். சொல் வந்தது, கூடவே வாந்தியும் வந்தது. ஊர் முழுக்கப் பொய் சொல்கிறது, தானும் ஒன்று சொன்னால் மலை இடிந்துவிடாது என்றும் நினைத்தார். ஆனால் அந்தப் பிள்ளைகள் எழுத்தெழுத்தாக எண்ணிக் கற்றதை ஒரு கையெழுத்துக்காகத் தானே அழிப்பதா என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மன்றத்தில் எழுந்து நின்று, "உயர்வு நவிற்சி" என்றார்.

ஒன்பதாம் வகுப்பு உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தது. தலைமையாசிரியரோ எழுந்தே நின்றுவிட்டார். தன்னடக்கம் கருதித்தான் இயல்பு என்று போட்டதாகவும், டீச்சர் பெருந்தன்மையோடு அதை உயர்வாக்கிவிட்டதாகவும் சொல்லி, அவரே முதலில் கை தட்டினார்.

மன்றம் முடிந்ததும் டீச்சர் கையெழுத்துக்காக அறைக்குப் போனார். அங்கே தலைமையாசிரியர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். உபகாரமேரி டீச்சரின் மாறுதலை ரத்து செய்து இங்கேயே வைக்கக் கோரும் கடிதம்.

"ஒரு மனுசனோட அருமை தெரிஞ்சவங்கள அனுப்பிட்டு நான் இங்க இன்னா பண்றது டீச்சர்?" என்றார் உருக்கமாக.

உண்மை சொன்னதற்கு இப்படி ஒரு தண்டனையை டீச்சர் எதிர்பார்க்கவில்லை.

"சார், உயர்வு நவிற்சின்னா இல்லாதத இருக்கிற மாதிரி ஊதிச் சொல்றதுங்க" என்றார். "அத எழுதறப்ப மணி பத்தே முக்கால். இந்த ரூம் வாசல்ல நின்னுக்கினு எழுதுனேன்."

தலைமையாசிரியர் பேனாவை மூடினார். பிறகு திறந்தார்.

"அப்ப நான் போட்டது?"

"இயல்பு நவிற்சி உள்ளத உள்ளபடி சொல்றதுங்க சார். மணிக்கு முன்னாடி நீங்க வர்றவரா இருந்தா, உங்க பதிலுதான் சரி."

தலைமையாசிரியர் கடிதத்தை நான்காக மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார். பணிவிடுவிப்புத் தாளை இழுத்து ஒரே கோட்டில் கையெழுத்துப் போட்டார். பணி பற்றிய குறிப்பில் "ஆறு ஆண்டுகள் பணியாற்றினார்" என்று மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைத்தார். இதைவிட நல்ல இயல்பு நவிற்சி டீச்சருக்குக் கிடைத்ததில்லை. பாடத்தில் வைக்கத்தான் அந்த வகுப்பு இனி இல்லை. கீழே இறங்கும் பஸ்ஸில் எலுமிச்சம்பழம் தேவைப்படவில்லை. வளைவு முழுக்க அழுதுகொண்டே வந்தவருக்கு வாந்தி எடுக்க நேரமில்லை.

நைனார்பாளையத்தில் சேர்ந்த பத்தாம் நாள், வெயிலில் தன் வீட்டு வாசலில் அவர் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது செந்தமிழ்ச்செல்வி போன் செய்தாள்.

"டீச்சர், ஒரு வாரமா எச்செம் சார் மணிக்கு முன்னாடியே வந்துர்றாருங்க. கேட்டாண்ட நின்னுக்கினு லேட்டா வர்றவங்கள புடிக்கிறாரு. அந்த எட்டுக் கட்டத்துல நான் இப்ப இன்னா போடறது?"

டீச்சர் ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"இயல்பு நவிற்சின்னே போடு" என்றார். "ஆனா பென்சில்ல எழுது."