ஊதி அனுப்பிய பிள்ளை

என் மகள் பரீனாவின் வாயிலிருந்து ஒரு சொல் வராதா என்று நான் அழுது கேட்ட காலம் உண்டு. என்னை ஏசினாலும் பரவாயில்லை, ஒரு சொல் போதும் என்று கேட்டேன். அல்லாஹ் தந்தான். தந்த சொல் இன்றைக்கும் என் காதை விட்டுப் போகவில்லை. பிள்ளை வளர்க்கும் சகோதரிகளுக்குப் பிரயோசனப்படும் என்று இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி, சண்டைக் காலம். கல்முனையில் இருந்தோம். நான் ஒரு பாடசாலையில் படிப்பித்தேன். என் கணவருக்கு மேற்கே வயல். வயலுக்குப் போகிறவர்களில் சிலர் திரும்பி வராத காலம் அது. ஆனாலும் நெல் விளைந்து நிற்கும்போது வீட்டில் இருக்க முடியுமா?

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியே போகும் ஆளுக்குக் காவலாகக் குர்ஆன் ஆயத்து ஓதி நெஞ்சில் ஊதுவது சிறுபிள்ளையாக இருக்க வேண்டும். பாவம் அறியாத மூச்சு அல்லவா? ஒன்பது வயதுப் பரீனாதான் ஊதுவாள். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவர் சைக்கிளைப் பிடித்தபடி அவளுக்கு முன்னால் குனிந்து நிற்பார்.

அன்று அவளுக்குத் தூக்கம் கலையவில்லை. ஓதலில் பாதியை விழுங்கிவிட்டு ஊதினாள். அவர் சிரித்தார்.

"என்ன மகள், காத்து மட்டுந்தான் வருது. ஓதலக் காணல்லியே!"

அடுப்படியிலிருந்து நானும் சிரித்தேன். மத்தியானம் உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் அவருடைய மையித்து வந்தது. வரம்பில் வைத்துச் சுட்டிருந்தார்கள். யார் சுட்டது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அதைக் கேட்கவும் எனக்குத் தெம்பில்லை.

வீடு நிறையப் பெண்கள். என் கணவரின் அக்கா, எங்கள் மதினி, மகளின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார்.

"ஒழுங்கா ஓதி ஊதியிருந்தா என்ட தம்பி இப்பிடி மௌத்தாகுவானாடி?"

துக்கத்தில் கத்தியது. அழுகைச் சத்தத்தில் அது அடிபட்டுப் போனது. எனக்கும் மறந்துவிட்டது.

நான் இத்தா இருந்தேன். கணவனை இழந்தவள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் அறைக்குள் இருக்கும் தவணை அது. மதினிதான் வந்து வீட்டைப் பார்த்தார். பரீனா பேச்சை நிறுத்தினாள். பாயை நனைத்தாள். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்தாள். ஆனால் அவளுடைய உதடுகள் மட்டும் ஓயாமல் அசைந்தன. சத்தம் இல்லை. கிணற்றடியிலும் அசையும், உறக்கத்திலும் அசையும்.

மதினி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

"அப்ப இது வேற சாமான்" என்றார் மதினி. "வாயப் பாருகா. ஜின்னோட கதைக்கிறா."

ஜின் ஓட்டும் பரிசாரி வந்தான். முற்றத்தில் மிளகாய் சுட்ட புகை என் அறைக்குள்ளும் வந்தது. பிறகு பிரம்புச் சத்தம். நான் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். வெளியே கொண்டி போட்டிருந்தார்கள்.

"கதவத் தொறங்க மதினி! புள்ளய அடிக்காதீங்க!"

"இத்தாவில இருக்கிறவ வெளியால வரப் போறியா? அந்நிய ஆம்புள நிக்கான். சும்மா இருகா, அடி புள்ளைக்கு இல்ல, ஜின்னுக்கு."

"உடு, உட்டுட்டுப் போ" என்று பரிசாரி கத்தினான். ஒவ்வொரு அடிக்கும் நான் கதவில் தலையை மோதினேன். என் மகள் ஒரு முறைகூடக் கத்தவில்லை. ஒரு பிள்ளை அடி வாங்கிக்கொண்டு கத்தாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாமலே போகட்டும்.

மூன்று தரம் வந்தான். அவளுடைய முதுகைப் பார்த்த அன்று நான் நெற்றியைத் தரையில் வைத்துச் சுஜூதில் விழுந்தேன். எனக்குத் தெரிந்த அரபு துஆவெல்லாம் மறந்துபோனது. தமிழில்தான் கேட்டேன். "றப்பே, இவளுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குக் காட்டு. ஒரு சொல் தா." அன்று முதல் மகளை என் அறையிலேயே வைத்துக்கொண்டேன். மதினி கதவைத் தட்டினால் உள்ளே நான் கொண்டி போட்டேன்.

ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகைக்குப் பிறகு அவளை மடியில் கிடத்தி, காவலுக்கு ஓதும் அதே ஆயத்தைச் சத்தமாக ஓதி ஊதினேன். பல நாள் போனது. ஒரு நாள் களைப்பில் நடுவில் ஒரு துண்டை விட்டுவிட்டேன். எனக்கே தெரியாது.

"உம்மா, பிழை."

என் மடியிலிருந்து வந்த குரல்.

"ஒரு துண்டு உட்டுட்டீங்க. இப்ப ஆர் மௌத்தாகப் போறா?"

சகோதரிகளே, நான் கேட்ட சொல் இதுதான்.

பிறகு அவள் நிறுத்தவில்லை. "வாப்பாவே சொன்னார்தானே, காத்து மட்டுந்தான் வருது எண்டு. மாமியும் என்ட தோளப் புடிச்சி உலுக்கிச் சொன்னா. நான் திருப்பித் திருப்பிச் சரியா ஓதுறன் உம்மா. அவங்க அடிக்கக்குள்ள நடுவுல உட்டுப்போகும். மறுகா முதல்ல இருந்து ஓதுவன்."

ஜின்னோடு பேசுகிறாள் என்று அடித்தார்களே, அந்த உதடுகளில் இருந்தது அல்லாஹ்வின் ஆயத்து.

"சிறுபுள்ள பிழையா ஓதினதுக்கு வாப்பாவ எடுக்கிற றப்பு இல்ல மகள் நம்மட றப்பு. துவக்கால சுட்டவன்தான் கொன்னவன். நீ இல்ல."

"அப்ப ஏன் நாம ஓதின?"

கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம். அவர் போன பிறகு அவள் முதல்முதலாக அழுததும் அன்றைக்குத்தான்.

இத்தா முடிந்து நான் பாடசாலைக்குப் புறப்பட்ட நாள். அவர் குனிந்து நிற்கும் இடத்தில் நான் குனிந்தேன். அவள் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"ஊது மகள்."

"பிழைச்சா?"

"பிழைச்சாப் பிழைக்கட்டும். காத்து மட்டும் வந்தாலும் போதும். நான் வருவன்."

கிட்ட வந்து ஓதினாள். நடுவில் விட்டுப்போனது. இருவருக்கும் தெரிந்தது. நான் திருத்தவில்லை. வாசலைத் தாண்டும்போது, "றப்பே, இன்றைக்கு மட்டும் என்னைத் திருப்பிக் கொண்டுவா" என்று கேட்டேன். எனக்காகக் கேட்கவில்லை.

பாடசாலை விட்டு வந்தபோது கொதிக்கும் வெயிலில் வாசல் படலையைப் பிடித்தபடி நின்றாள். என் கையைத் தொட்டாள், முகத்தைத் தொட்டாள். "வந்துட்டீங்க" என்றாள். அன்று ஒரு கோப்பை சோறு முழுவதும் தின்றாள்.

இது நடந்து பல வருடமாகிறது. பரிசாரியால்தான் சுகமானது என்று மதினி இன்றும் சொல்லித் திரிகிறார். நான் வர நேரம் பிந்தினால் மகளுடைய உதடுகள் இன்றும் அசையும். ஆனால் வந்ததும் என்னை ஏசுகிறாள், நல்லாக ஏசுகிறாள். அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் பிள்ளை வாயடைத்துப்போனால் பிரம்பு பிடித்தவனைக் கூப்பிடாதீர்கள். அல்லாஹ்விடம் கேளுங்கள். கேட்டுவிட்டு எழும்பிப் போய்விடாமல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருங்கள். என் நாவைத் தடுக்கி விழவைத்து என் மகளின் நாவைத் திறந்தவன் அவன். உங்கள் வீட்டுக்கும் அவனுக்கு வழி தெரியும்.