புரியாதவர்கள் எழுந்து நிற்கும் வகுப்பு

ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையில் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கழற்றிவிட்டார்கள். யாரும் அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. மயிலாப்பூரில் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி எப்போதும் நூற்றுக்கு நூறு. அது எப்படிச் சாத்தியம் என்று அந்த வருடம்தான் எனக்கு விளங்கியது. தேறமாட்டாள் என்று தோன்றும் பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டு, "ஒன்பதாவது பாஸ் போட்டுத் தரோம் சார், டிசியை வாங்கிக்குங்க" என்பார்கள். என் அப்பா வாங்கிக்கொண்டார். எனக்குக் கணக்கு சுத்தமாக வராது, அவர் என்ன பேசுவார்.

பத்தாம் வகுப்புக்குப் புதிதாக ஆள் சேர்க்க எந்தப் பள்ளிக்கும் மனம் வராது. கடைசியில் சேர்த்துக்கொண்டது, பெசன்ட் நகர் தாண்டிக் கடற்கரையை ஒட்டியிருந்த ஒரு சின்ன மாநகராட்சி உயர்நிலைப் பள்ளி. மயிலாப்பூரிலேயே ஒரு மாநகராட்சிப் பள்ளியில் கேட்டிருக்கலாம். ஆனால் அங்கே சேர்ந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், அடையாறு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனால் யாருக்கும் தெரியாது என்பது அப்பாவின் யோசனை. கிளம்பும்போது அம்மா வாசலில் நிறுத்திச் சொன்னாள்.

"யார் கேட்டாலும் அடையாறுல படிக்கறேன்னு சொல்லு, போறும். மேல கேட்டா பஸ் வந்துடுத்துன்னு ஏறிடு."

அப்பா சொன்னது வேறு. "இந்த வருஷம் கணக்குல தவறினா மறுபடி எழுதறேன்னு அலையப்படாது. படிச்ச வரைக்கும் போறும். டைப்ரைட்டிங் கத்துண்டு ஆத்துல இரு. வரன் பாக்கலாம்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். ரேஷன் கடைக்குப் போய் வரச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் பயமாக இருந்தது.

பள்ளிக்கு இரண்டு கட்டடங்கள், ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. காற்று திரும்பினால் கருவாட்டு வாசனை நேராக வகுப்புக்குள் வரும். பக்கத்துக் குப்பத்துப் பிள்ளைகள், கொட்டிவாக்கத்திலிருந்து நடந்தே வருபவர்கள், ஹவுசிங் போர்டு பிள்ளைகள், பெசன்ட் நகர் பங்களாக்களில் வேலை பார்க்கும் அம்மாக்களின் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான். நான் அப்போது பெரிய ரோஷக்காரி. படிப்பில்தான் ஓட்டை, ரோஷத்தில் ஒரு குறையும் கிடையாது. இவர்களுக்கு நடுவில் நாமாவது கொஞ்சம் கெட்டிக்காரியாகத் தெரிவோம் என்று நினைத்துக்கொண்டுதான் முதல் நாள் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு குப்பத்துப் பெண். அவள் அம்மா அடையாறு மார்க்கெட்டில் மீன் விற்பவர். அவளுடைய குரலும் மார்க்கெட்டுக்குப் பழகிய குரல்தான்.

கணக்கு டீச்சர் சாந்தோமிலிருந்து வருவார். அவர் வீட்டில் அக்கா, அத்தை என்று எல்லாருமே டீச்சர்கள். அன்றைக்கு அவர் காரணிப்படுத்துதலில் ஒரு கணக்கைப் போட்டுக்காட்டினார். எக்ஸ் ஸ்கொயர், ஐந்து எக்ஸ், ஆறு. போட்டு முடித்துச் சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். உடனே வகுப்பில் பாதி எழுந்து நின்றது. பக்கத்துப் பெண்ணும் நின்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பழைய பள்ளியில் எழுந்து நிற்பது என்றால் தண்டனை. பெல் அடிக்கும்வரை நிற்கவேண்டும், போகிற வருகிற டீச்சரெல்லாம் எட்டிப்பார்த்து விசாரிப்பார்கள். இவர்கள் என்ன தப்பு செய்தார்களோ, நமக்கென்ன என்று நான் முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

அந்த வகுப்பின் வழக்கம் எனக்குத் தெரியாது. புரியாதவர்கள் எழுந்து நிற்கவேண்டும். உட்கார்ந்திருந்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம். புரிந்தவர்கள் நிற்பவர்களிடம் போய்ச் சொல்லித்தர வேண்டும். கடைசி ஆள் உட்காரும்வரை அடுத்த கணக்கு கிடையாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அப்படியே வந்தவர்களுக்கு இது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

டீச்சர் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார். "புதுசா வந்த பொண்ணுதானே நீ? பரவாயில்லையே. பக்கத்துல நிக்கிறவளுக்குச் சொல்லிக்குடும்மா."

வேறு வழியில்லாமல் எழுந்து, கரும்பலகையில் இருந்ததை வரி வரியாக அவளுக்குப் படித்துக்காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த ஆறு எப்டி ரெண்டும் மூணும் ஆச்சு?"

"பெருக்கினா ஆறு வருதே."

"ஒண்ணையும் ஆறையும் பெருக்குனாலும்தான் ஆறு வருது. அத்த ஏன் வுட்டாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அது அப்படித்தான் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"உனுக்கும் தெரில, இல்ல?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அப்பறம் இன்னாத்துக்கு இம்மா நேரம் குந்திகினு இருந்த?" என்றவள், நான் மறுபடி உட்காராதபடி கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் டிக்கெட் கேட்பதுபோலச் சத்தமாகச் சொன்னாள். "டீச்சர், இங்க ரெண்டு பேரு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் முறைத்துக்கொண்டு அடுத்த நாளே வராமல் இருந்திருப்பேன். டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். முன்வரிசையிலிருந்து ஒரு கொட்டிவாக்கத்துப் பையன் எழுந்து வந்தான். "பெருக்குனா ஆறு, கூட்டுனா அஞ்சு. ரெண்டும் ஒத்து வரணும். ஒண்ணும் ஆறும் கூட்டுனா ஏழாய்டுது பாரு" என்றான். அவ்வளவுதான் விஷயம். பக்கத்துப் பெண் அவனிடம் இன்னொரு கணக்கைப் போட்டுக் காட்டினாள், நானும் போட்டேன், இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஒரு கணக்கு வகுப்பில் நிஜமாகவே புரிந்து நான் உட்கார்ந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சந்தோஷம் அப்படியே வருகிறது.

அந்த வருடம் முழுக்க நின்றேன். நின்று நின்றே படித்தேன் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் இதில் ஒரு சங்கடம் இருந்தது. கடைசி ஆளுக்காகக் காத்திருக்கிற வகுப்பு மெதுவாகத்தானே போகும். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் திருவிழாக் கொடி ஏறினால் வகுப்பில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள், அவர்கள் திரும்பி வரும்வரை டீச்சர் புதுப் பாடம் எடுக்கமாட்டார். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வந்தபோது புத்தகத்தில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. கேள்வித்தாளோ முழுப் புத்தகத்திலிருந்தும் வந்தது. நான் வாங்கியது இருபத்தொன்பது.

அப்பா அந்த மார்க்கைப் பார்த்தார். "பாதிப் புஸ்தகத்த வெச்சுண்டு பப்ளிக் எழுதப் போறயா?" என்றார். கோபமே இல்லை. அடுத்த வாரம் டைப்ரைட்டிங் வகுப்பு எங்கே நன்றாக நடக்கிறது என்று அம்மாவிடம் அவர் விசாரித்தது என் காதில் விழுந்தது.

மறுநாள் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். குப்பத்துப் பெண்ணுக்கு நான் அழுவதே விசித்திரமாக இருந்தது. அவள் வாங்கியிருந்தது இருபத்தேழு.

"முழு புக்கையும் எவன் கேட்டான்? பாஸாவ முப்பத்தஞ்சிதான கேக்குறான்" என்றாள். "இது வரிக்கும் நடத்துனதுல உனுக்கு எதுனா தெரியாம கீதா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. நடத்திய வரைக்கும் எனக்கு எல்லாமே தெரிந்திருந்தது. விட்ட மார்க்கெல்லாம் நடத்தாத பாடங்களில் போனது. அழுகை நின்றுவிட்டது.

பொங்கலுக்குப் பிறகு வகுப்பு வேகம் பிடித்தது. அடிப்படை எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் நிற்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒருநாள் கூம்பின் கன அளவில் அவள் நின்றாள், நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் வேண்டுமென்றே குறுக்குக் கேள்வியாகக் கேட்டாள், எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. "ம், தேறிட்ட" என்று சொல்லி உட்கார்ந்தாள். அந்த வகுப்பில் யாரும் அதற்கு மேல் பாராட்டமாட்டார்கள்.

ரிசல்ட் நாளில் அப்பா லஸ் முனைக்குப் போய் மாலைப் பேப்பர் வாங்கிவந்தார். என் நம்பரைத் தேடி, "இருக்கு" என்றார். மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் "இருக்கு" என்றார். குப்பத்துப் பெண்ணின் நம்பரும் இருந்தது. எங்கள் பள்ளியின் தேர்ச்சி நூற்றுக்கு நூறு இல்லை. நாலைந்து பேர் தவறினார்கள், அக்டோபரில் எழுதினார்கள். ஆனால் பரீட்சைக்கு முன்னால் அந்தப் பள்ளி யாரையும் வெளியே அனுப்பவில்லை.

மார்க் ஷீட் வாங்க அப்பாவும் என்னோடு வந்தார். கணக்கில் அறுபத்தொன்று. அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, தலைமையாசிரியர் அறைக்கு முன்னால் வராண்டா பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் மடித்த ஒரு காகித உறை. தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடாதபடி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் வயதில் ஒரு பெண், தலையைக் குனிந்து.

முன்பின் தெரியாதவர்களிடம் அப்பா பேசவே மாட்டார். அன்றைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"ஒம்பதாவதோட அனுப்பிச்சுட்டாளா, சார்?"

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"எங்காத்துப் பொண்ணையும் அப்படித்தான் அனுப்பிச்சா" என்றார் அப்பா. வராண்டா முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார். என் கையிலிருந்த மார்க் ஷீட்டை வாங்கி அவருடைய மடியில் வைத்து, கணக்கு என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார். "பாருங்கோ. இங்க படிச்சதுதான்."

அவர் பார்த்தார். அந்தப் பெண்ணும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளேயிருந்து அவர்களைக் கூப்பிட்டார்கள்.

"போய்ச் சேத்துட்டு வாங்கோ. நான் இங்கேயே இருக்கேன்" என்றார் அப்பா. அவர்கள் வெளியே வரும்வரை அந்த பெஞ்சை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை.