சுபுஹான் பஸ்ஸை விட்டு இறங்கியது

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் தனியார் மினி பஸ்ஸைப் பதினேழு வருஷம் ஓட்டியவர் சுபுஹான். எந்த வளைவில் யாருக்கு வாந்தி வரும் என்பது வரை அவருக்குத் தெரியும். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அவருடைய அண்ணன் சாதுல்லா ஊரில் பை, குடை விற்கும் கடை வைத்திருந்தார். ஐம்பத்து நாலாவது வயதில், மழை தொடங்கிய சமயம், அவர் நடக்கும்போது இடது பக்கமாகச் சாய ஆரம்பித்தார். கடைப் படி எங்கே என்று காலால் துழாவினார். கண் டாக்டர் கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். மூன்றாவது வாரம் கையும் காலும் தானாகத் துள்ளின. யாராவது கதவைச் சாத்தினால் உடம்பையே தூக்கிப்போட்டது. ஒருநாள் தம்பியை உற்றுப் பார்த்து, "யாரு பாய் நீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அந்தத் துள்ளலைச் சுபுஹான் முன்பே பார்த்திருந்தார். அவருக்குப் பதின்மூன்று வயதில் அவரைப் பெற்ற அத்தா இப்படித்தான் துள்ளினார். ஜின் பிடித்திருக்கிறது என்று தர்காவில் கொண்டுபோய் வைத்தார்கள். நாலு மாதத்தில் மௌத்தாகிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அண்ணனைப் புதுச்சேரிக்குக் கூட்டிப் போனார். ஸ்கேன் எடுத்தார்கள், முதுகுத்தண்டில் நீர் எடுத்தார்கள், ரத்தத்தை எங்கோ அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து எழில்மதி என்ற நரம்பு டாக்டர் சுபுஹானைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மூளைக்குள்ள வைரஸ் எதனா பூந்துகினு இருக்குதா மேடம்?"

"வைரஸ் இல்லீங்க. வைரஸ்னா அதுக்குள்ள தன்னைப் பெருக்கிக்கறதுக்கு ஒரு குறிப்பாவது இருக்கும். இதுல அது கூட இல்ல. வெறும் புரதம். 'பிரியான்'னு பேரு. நம்ம எல்லார் மூளையிலயும் இருக்கிற புரதம்தான். அது ஒண்ணு தப்பா மடிஞ்சுடுச்சுன்னா, பக்கத்துல இருக்கிறதையும் தன்னை மாதிரியே மடிய வெச்சிடும். அது அடுத்ததை. அப்படியே போகும்."

"மருந்து?"

"இல்லீங்க."

"தொட்டா ஒட்டிக்குமா?"

"ஒட்டாது. கூட இருங்க, ஊட்டுங்க, குளிப்பாட்டுங்க." டாக்டர் பைலைத் திறந்தார். "ஆனா உங்க அண்ணனுக்கு இது சும்மா வரல. அந்தப் புரதத்தைச் செய்யற ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. அது பெத்தவங்ககிட்டருந்து வரும். உங்க வீட்டுல வேற யாருக்காவது இப்படி?"

சுபுஹான் அத்தாவைப் பற்றிச் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டே, அண்ணன் தம்பி ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். தெரிந்துகொள்ள விரும்பினால் வரலாம், கட்டாயமில்லை.

சாதுல்லா நோய் கண்ட நாலாம் மாதம் இறந்தார். கடைசி ஐந்து வாரம் அவர் ஒரு சொல் பேசவில்லை. மையித்தைக் குளிப்பாட்ட வழக்கமாக வருகிறவர்கள் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து வாசலோடு நின்றுவிட்டார்கள். சுபுஹான் யாரையும் குறை சொல்லவில்லை. டாக்டர் சொன்னபடி கையுறை மாட்டிக்கொண்டு, அண்ணன் மேல் முதல் தண்ணீரை அவரே ஊற்றினார். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள்.

பிறகு அவர் தன் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். மனைவி நூர்ஜகானுக்கு அது பிடிக்கவில்லை.

"தெரிஞ்சுகினு இன்னா பண்ணப் போறீங்க? மருந்தும் இல்லன்றாங்க."

நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த மகள் நௌஷீன், "எனக்காகப் போவாதீங்க அத்தா. உங்களுக்கு இருக்குன்னா எனக்கும் பாதிக்குப் பாதின்னு ஆயிடும்" என்றாள்.

"உனக்காவ இல்லம்மா. எனக்காவவும் இல்ல. என் பின்னாடி தெனமும் நாப்பது பேரு ஒக்காந்துகினு மலையேறுறாங்க."

அடுத்த வாரம் புதுச்சேரிக்குப் போய் ரத்தம் கொடுத்தார்.

முடிவைக் கேட்க நேரில்தான் வரவேண்டும் என்றார் டாக்டர். நௌஷீன் கூடவே போனாள். "இருக்குங்க" என்றார் எழில்மதி. "எப்ப வரும்னு சொல்ல முடியாது. அடுத்த மாசம் வரலாம், எழுபது வயசுல வரலாம், சிலருக்கு வராமலும் போகலாம். இன்னிக்கு உங்ககிட்ட ஒரு கோளாறும் இல்ல."

மறுநாள் காலை சுபுஹான் பஸ் முதலாளி தமிழழகனிடம் சாவியை நீட்டினார்.

"கை நடுங்குதா பாய்?"

"இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு வுடுற?"

"எங்கண்ணன் சாயறாருன்னு நாங்க கண்டுபிடிக்கவே பத்து நாளு ஆயிடுச்சுங்க. அந்தப் பத்து நாளு அவருக்கே தெரியல. அப்ப நான் வளைவுல இருந்தேன்னா?"

தமிழழகன் சாவியை வாங்கிக்கொண்டார்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. சுபுஹானுக்கு இப்போது நாற்பத்தொன்பது. அண்ணன் கடையை அவர்தான் பார்க்கிறார். வீட்டுக்கும் கடைக்கும் நடந்தே போய் வருகிறார். தெருவில் அவர் நடப்பதை நூர்ஜகான் ஜன்னலில் நின்று, திரும்பும் வரை பார்ப்பாள். நௌஷீன் திருக்கோவிலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். தன் ரத்தத்தை அவள் இன்னும் கொடுக்கவில்லை. பெண் கேட்டு வந்த இரண்டு இடத்தைக் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பிவிட்டாள்.

தினமும் சாயங்காலம் அவள் போன் செய்கிறாள். என்ன விற்றது, யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒன்று விடாமல் கேட்பாள். அவள் கவனிப்பது செய்தியை அல்ல, அவருடைய பேச்சு தடுமாறுகிறதா என்பதைத்தான் என்று சுபுஹானுக்குத் தெரியும். அதனால் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பதில் சொல்வார்.

போன வியாழக்கிழமை, மலையிலிருந்து வந்த ஒரு பழைய பயணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினேழு வருஷம் அவர் வண்டியில் ஏறியவள். பெயர் வாயில் வரவில்லை. போனில் இரண்டு பக்கமும் சத்தம் இல்லை.

"செல்லியம்மாள்" என்றார் சுபுஹான்.

"ம்" என்றாள் நௌஷீன். பிறகு, "ஞாயித்துக்கிழம வரேன் அத்தா" என்றாள். அந்த ஞாயிறு அவளுக்கு டியூட்டி இருந்தது.